கிழவிக்கு ஆகும் செலவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை; இரண்டு வேலை பார்க்கிறவள் எப்படி நலமாக இருப்பாய்? நேராக விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு வருடம் அந்த வெளிநாட்டிலேயே இருக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே.

நீ தொடங்கிய நாய்க் காப்பகத்துக்கு உதவலாமா என்று பார்க்க ஓர் அறக்கட்டளையின் கணக்கர் வந்தார். முப்பத்தோரு நாய்களில் ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. செலவு நோட்டைத்தான் கேட்டார். நீ சாக்கடையிலிருந்து தூக்கிவந்த குருட்டு நாய், நம் கிழவியின் கண் மருந்தில் அவர் விரல் நின்றது. "பார்வையும் வராது, யாரும் எடுத்து வளக்கவும் மாட்டாங்க. இதுக்கு எதுக்குத் தம்பி மாசாமாசம் தண்டம்?" என்றார். போன வருடம் இதையே நான் கேட்டபோது நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த பக்கம் மின்கட்டணம். திடீரென்று பாதியாகக் குறைந்திருந்தது. மனிதர் என்னைத் திருடனைப்போலப் பார்த்தார். மீட்டர் பழுதோ என்று அவர் கண்ணெதிரே சோதித்துப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் ஓடியது. குட்டிகள் அறைக்குப் போனால், குட்டிகளுக்குக் குளிராமலிருக்க நான் மாட்டிய நான்கு சூட்டு விளக்குகளும் அணைந்திருக்கின்றன. நடுவில் கிழவி. தாயில்லாத குட்டிகள் ஆறும் அவள் வயிற்றோடு ஒட்டித் தூங்குகின்றன.

நாய்களுக்குச் சமைக்க வரும் அம்மா சிரித்தார். "உங்க பல்புல குட்டிங்க கருவாடாக் காயுது தம்பி. அதான் கொஞ்ச மாசமா நீங்க அந்தப் பக்கம் போனதும் அணைச்சிட்டு இவள உள்ள விடுறேன். இவ என்ன, கரண்டா கேக்குறா?" என்றார்.

பதிவேட்டை எடுத்தேன். என் விளக்குகளின் கீழே பதினொன்றில் ஏழு குட்டிகள் செத்துப்போயின. கிழவியிடம் பதினான்கில் ஒன்றுதான். மின்கட்டணத்தில் மிச்சமானதில் அவள் மருந்துக்குப் போக மீதியும் இருக்கிறது. கணக்கர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, அன்றைக்கு முதல்முறையாக ஒரு நாயைத் தொட்டார்.

நேற்று அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. மூன்று வருட வாடகையும் சாப்பாடும் மருந்தும் அவர்கள் பொறுப்பு. 'கண் தெரியாத கிழ நாய் உட்பட' என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். நகல் வைத்திருக்கிறேன். அசலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தாயிற்று. வருகிறவர்களிடமெல்லாம் "எங்க அக்கா கொண்டுவந்த நாய்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

நீ அனுப்பும் பாதிச் சம்பளம் இனி வேண்டாம். டிக்கெட் எடு.

கேட் சத்தம் கேட்டால் கிழவி இன்னமும் தலையைத் தூக்குகிறாள். நான்தான் என்று தெரிந்ததும் படுத்துக்கொள்கிறாள். அவளுக்காகவாவது வந்துவிடு, அக்கா.

கணக்கில் உன்னிடம் தோற்ற
தம்பி