வெடிக்காத மூன்றாவது காய்

தை 14, பெரம்பலூர்

அண்ணனின் பருத்திக் காட்டிலிருந்து போன வாரம் மூன்று பச்சைக் காய்களைக் காம்போடு பறித்துவந்து, டம்ளரில் வைத்து வரைந்துகொண்டிருந்தேன். இன்று சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், ஒரு காய் பிளந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. மகள் யாழினிதான் நோண்டியிருப்பாள் என்று திட்டித் தீர்த்தேன்.

"நான் தொடவே இல்லம்மா. அதுவா வெடிச்சிருக்கு."

"செடியிலேருந்து பறிச்சது எப்படிடி வெடிக்கும்?"

அழுதுகொண்டே சாப்பிடாமல் போய்விட்டாள். நான் படத்தின் முன் உட்கார்ந்தேன். இரண்டாவது காயின் நுனியில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது. காலையில் அது இல்லை. டம்ளரின் நிழலை வரைந்து முடிப்பதற்குள் கோடு அகன்று, உள்ளே வெள்ளை தெரிந்தது.

பருத்திக்காட்டிலேயே வளர்ந்தவள் நான். பறித்தாயிற்று என்பது இந்தக் காய்க்கு இன்னுமா தெரியவில்லை?

யாழினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். தப்பு என்னுதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. தோசை சுட்டேன். நான்கு தின்றாள்.

"மூணாவதும் வெடிக்குமாம்மா?"

தெரியவில்லை. படத்தில் மூன்றும் மூடியே இருக்கின்றன. அழிக்க மனமில்லை.

டம்ளர் இருக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டாள். தூக்கத்திலும் இரண்டு கைகளையும் போர்வைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.