மடியில் இரண்டு கிலோ எடைக்கல்

செவ்வாய், இரவு.

யாரும் நம்பமுடியாத கதை இது. சத்தியம் செய்துவிட்டே எழுதுகிறேன். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். போன தடவை எடை குறைந்திருந்தது. இன்னும் குறைந்தால் மருந்து உடம்பில் வேலை செய்யவில்லை என்று மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என நர்ஸ் சொல்லியிருந்தார். அதனால் ராஜபாளையத்தில் இருக்கும் என் காய்கறிக் கடையின் இரண்டு கிலோ எடைக்கல்லை மடியில் செருகிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏறினேன். மெஷின் அலறியது, மலையில் யானைகள் பதிலுக்குப் பிளிறின. கல் நழுவி நர்ஸின் காலடியில் விழுந்ததில் ஊரே அதிர்ந்தது.

"ஏன் அண்ணாச்சி, கடையில போடுற கல்ல என்கிட்டயே கொண்டு வாரீகளா? வெறும் மடியோட ஏறுங்க!"

கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன்.

"அட, மூணு கிலோ கூடியிருக்கே! மாத்திரைய ஒழுங்காப் போட்டீகளோ?"

யானை பிளிறியதும் ஊர் அதிர்ந்ததும் புளுகு. அந்த மூன்று கிலோ மட்டும் நிஜம்.