இண்டிகேட்டரா இருந்த கை

என்னங்க,

கார் சாவியைத் தேடாதீங்க, என்கிட்டதான் இருக்கு. "அறுபது வருஷத்து வண்டி, நீ கை வச்சா உருப்படாது"ன்னு நேத்து குதிச்சீங்களே, அந்த ஆடுற இண்டிகேட்டர் சுவிட்சை விடிஞ்சதும் நானே சரி பண்ணிட்டேன். நீங்க சுத்தி வச்ச டேப்பைப் பிரிக்கத்தான் அரை மணி நேரம் ஆச்சு. உள்ளே ரெண்டு ஸ்க்ரூ லூசு, அவ்வளவுதான். (வண்டியைச் சொன்னேன்.)

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். பத்து மணிக்கு பிளம்பர் வருவார், அவருக்கும் பாடம் நடத்தாதீங்க.

பி.கு: எட்டு வருஷமா இண்டிகேட்டர் எரியாம, நீங்க வண்டியை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நீண்டது என் கைதான். இன்னிக்கு அது ஸ்டியரிங்கைப் பிடிக்குது.

சாயங்காலம் வந்து உங்களையும் ஏத்திக்கிறேன். என் பழைய சீட்ல கையைக் கட்டிக்கிட்டு உக்காந்து வரலாம்.