முழங்கால் தண்ணீர்

டிச. 7, ஞாயிறு

வெயில். கிணறு இறைத்தாயிற்று, இன்னும் சேற்று மணம். மெத்தை வேலியில் காய்கிறது.

பேப்பரில் மறுபடியும் அந்தப் படம். நெஞ்சளவு வெள்ளத்தில் மாமாவை முதுகில் சுமந்து வருகிறேன். ‘மாமனாரை மீட்ட மருமகன்’. கலா சட்டம் போடக் கொடுத்துவிட்டாள். தகப்பனைக் காப்பாற்றிய புருசன் என்று வட்டக்கச்சி முழுக்கச் சொல்லித் திரிகிறாள். மாமா கதிரையில் சாய்ந்தபடி படத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

டிச. 9, செவ்.

உழுந்து வாங்க மறந்துபோனேன். ஏச்சு.

இங்கே மட்டும் எழுதுகிறேன். வாய்க்கால் உடைப்பெடுத்த அன்று கலாவையும் பிள்ளைகளையும் உழவு இயந்திரத்தில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் நின்ற மாமாவைக் கூட்டிவரத் திரும்பினேன். தண்ணீர் ஏறிவிட்டது. றோட்டிலேயே நின்றுவிட்டேன். பயம். வேறொன்றுமில்லை. உடுப்பு விற்க வரும் ரபீக் அண்ணைதான் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கினார். மாமாவைச் சுமந்து வந்து மதகில் இருத்திவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

பிறகுதான் கமெராக்காரன் வந்தான். “இன்னொருக்கா தூக்குங்கோ அண்ணை. கொஞ்சம் குந்தினா தண்ணி நெஞ்சுக்கு வரும்.”

முழங்கால் தண்ணீர். குந்தினேன்.

கலாவுக்குத் தெரிந்தால்?

டிச. 11, வியா.

தூறல். ரபீக் அண்ணை வந்தார். அன்று றோட்டில் விட்ட துணிமூட்டை வெள்ளத்தோடு போனதாம். அகப்பட்டதைத் தோய்த்து விற்கிறார். சுவரில் படத்தைக் கண்டார். வடிவாய் வந்திருக்கிறது என்றார். ஒரு வேட்டியை எடுத்து வைத்தார்.

“ஞாயிறு பாராட்டு விழாவாமே. இதைக் கட்டுங்கோ தம்பி.”

வேட்டிக் கரையில் சேற்றுக் கோடு. தேத்தண்ணிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். வெட்கக்கேடு.

டிச. 14, ஞா.

சனசமூக நிலையத்தில் விழா. மாமா கைத்தடியைத் தொடவில்லை.

“படத்திலை தூக்கினனிதானே. மேடைக்கும் தூக்கு.”

தூக்கினேன். படியில் மூச்சு வாங்கியது. காதுக்குள் சொன்னார்: “மைக் தருவினம். சொல்லு.”

பொன்னாடை. கைதட்டல். மைக் வந்தது. முன்வரிசையில் கலா, பிள்ளைகளோடு, கண் கலங்கி. எல்லாருக்கும் நன்றி என்றேன். அவ்வளவுதான்.

இறங்குவதற்கு முதுகைக் கொடுத்தேன். மாமா ஏறவில்லை. பின்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். ரபீக் அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு வந்தார். மாமா பழகினவர்போல அவர் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

கலா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.