முகத்துவாரத்துக்குப் போகும் பாதை

ஜூன் 12, வெள்ளி
கச்சான் காற்று. விடியவே வெக்கை. எடுத்துப்போக: குடை, பிரஷர் குளிசை, ரஹீமாவுக்கு நல்லெண்ணெய்.

அண்ணா வாசலை மறித்துக்கொண்டு, "பொம்பிளை தனிய அங்க போய் நிக்க ஏலாது." எனக்கு நாற்பத்தாறு வயது. திருகோணமலை பஸ் நிலையம், மூதூர் பஸ், ஜன்னல் பக்கம்.

ரஹீமா முன்பு தையல் கடையில் என் பக்கத்து மெஷின். வீடு, ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட. கட்டிப்பிடித்து அழுதாள். கணவர் மௌத்தான பிறகு ஆற்று மணலில் மட்டிச் சிப்பி அள்ளித்தான் சீவியம். இப்போது அதற்கும் தடை. யாரோ ஹோட்டல் கட்டப்போகிறார்களாம். முகத்துவாரப் பாதையில் முள்ளுக்கம்பி.

"எங்கட வாப்பா நடந்த பாதை. இப்ப அவங்கட காணியாம்."

13, சனி
மட்டி அள்ளும் பெண்களோடு நானும் கம்பியடிக்குப் போனேன். காவலாளி கந்தளாய்க்காரர், சாதுவான மனிதர். "விட ஏலாது அக்கா. என்ட வேலை போயிரும்."

"விட்டா உங்கட வேலை போகும், விடாட்டி எங்கட சோறு போகும்" என்றாள் ரஹீமா. ஆற்றில் இறங்கிவிட்டாள். தண்ணீருக்குள் கம்பி இல்லையே!

இடுப்பளவு தண்ணீர். எனக்கு நீந்தத் தெரியாது. ரஹீமா கையை விடவில்லை. கம்பியைச் சுற்றி அந்தப் பக்க மணலில் ஏறினோம். மட்டி அள்ளி நகமெல்லாம் உடைந்தது. வெட்கமில்லாமல் சிரித்தேன்.

ஹோட்டல் மெனேஜர் ஜீப்பில் வந்து கத்தினார். "பொலிசுக்குச் சொல்லுவன்!"

"சொல்லுங்க. அவங்களுக்கும் சேத்து அவிக்கிறன்." ரஹீமா நிமிரவே இல்லை.

14, ஞாயிறு
பின்னேரம் தூறல். மட்டிக் கறி, உறைப்பு அதிகம்.

அண்ணா போனில். "பொலிஸ் கேஸ் எண்டா நான் வரமாட்டன்."
"வர வேண்டாம்."

மெனேஜர் ஆள் அனுப்பினார்: கம்பியில் ஒரு ஆள் நுழைய இடம் விடுவாராம். முற்றத்தில் பெண்கள் கூடிக் கதை. "அவ்வளவாவது கிடைச்சுதே" என்றார்கள் சிலர். ரஹீமாவுக்குக் கோபம். "சொந்தப் பாதையில குனிஞ்சு போறதா? தோணி தூக்கிப் போற அகலம் வேணும்."

"நாளைக்குக் கம்பியைக் கழட்டுவம், என்ன?" என்றாள். முதலில் ஒருத்தி, ஓம். ஒவ்வொருவராக, ஓம்.

15, திங்கள்
தையல் கடைக்குச் சொல்லியாயிற்று, இன்று வர ஏலாது என்று. முதலாளி ஏசினார். ஏசட்டும்.

தூணடி மண்ணைக் கிண்ட அலவாங்கு இரண்டு. மண் இளகல், தூண்கள் லேசாகக் கழன்றன. காவலாளி மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தோம். அயல் வீட்டுத் தோணி, பத்துப் பேர் பிடித்தும் பாரம். தோள் எரிந்தது.

பாதி வழியில் ஜீப். மெனேஜர் இறங்கிக் குறுக்கே நின்றார். "இறக்குங்க!"

ஒருவரும் இறக்கவில்லை. நடந்தோம். அவர்தான் விலகினார்.