சூரியன் வைத்துப்போன குடைகள்

அட்சய வருடம், தை மாதம் 9ந் தேதி
இளம்பிள்ளைக்கு மேற்கே, நம் கடலைக்காட்டுக் குடிசையிலிருந்து

சௌபாக்கியவதி மகள் கண்ணாத்தாளுக்கு அய்யன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் உன் குழந்தைகள் சௌந்திரமும் தண்டபாணியும் இன்றைய தேதிக்கு உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். இந்த ஒரு வரியை முதலில் மனதில் நிறுத்திக்கொண்டு அதற்குப் பிறகு மீதியைப் படி. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை அப்புசாமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கார்த்திகைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கப்பல் தாமதமாக இருக்கும் என்று உன் ஆத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்கழி பதினெட்டாம் தேதி காலையில் நம் வீட்டு நெல்லுக் குதிருக்கு அடியில் ஒரு எலி செத்துக் கிடந்தது. மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு விழுந்தன. அன்றைக்கே மணியக்காரர் தமுக்கு அடித்து ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சேலத்தில் பிளேக் என்று ஐப்பசியிலிருந்தே பேச்சு, நம் ஊருக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாட்டை ஓட்டிக்கொண்டு, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வந்து, சோளத்தட்டில் குடிசை போட்டோம். ஊரே இப்போது காட்டில்தான் இருக்கிறது. வீடுகளுக்குள் வெயில் விழட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்துப்போட்டு, சுண்ணாம்பு அடித்து, மறு உத்தரவு வரும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நமக்கு மூன்றாம் குடிசை சுப்பையன், உனக்குக் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தவன், தொடையிடுக்கில் கட்டி வந்து மூன்றே நாளில் போய்விட்டான். குழந்தைகளிடம் அவன் மாமனார் ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொன்னோம். ஏன் காட்டுக்கு வந்தோம் என்று கேட்டதற்கு, இந்த வருடம் பொங்கல் காட்டில்தான் என்று சொன்னேன். தண்டபாணி நம்பினான். சௌந்திரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் நெருங்க நெருங்கப் பையனுக்கு ஒரே கவலை. உனக்கு நினைவிருக்கும், தை முதல் நாள் சூரியன் வடக்கே திரும்பும்போது குழந்தைகள் இருக்கும் வீட்டு ஓட்டின் மேல் ஏதாவது வைத்துவிட்டுப் போகும், ஆனால் அழுகிற குழந்தைக்கு வைக்காது என்று உன் சிறுவயதில் நான் சொல்லி, நீயும் பன்னிரண்டு வயதுவரை நம்பினாய். அதையே இவர்களுக்கும் சொல்லியிருந்தேன். இப்போது இவன், அப்புச்சி, நாம ஊட்டுல இல்லையே, சூரியனுக்கு இந்தக் குடிசை தெரியுமா என்று காலையில் கேட்பான், சாப்பிடும்போது கேட்பான், மாடு கட்டும்போதும் கேட்பான். ரங்கூனிலிருந்து ஊருக்கு வந்த தீர்த்தகிரி வசம் நீ கொடுத்தனுப்பிய இரண்டு சின்னக் குடைகளும் வீட்டில் பரண் மேல் இருந்தன. சுற்றிலும் சாவும் பயமுமாக இருக்கும்போது இதையும் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் நட்டநடு வெயிலில் யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் போய்க் குடைகளை எடுத்து வந்துவிட்டேன். பரணில் எலி எதுவும் கண்ணில் படவில்லை. அவை இருந்த பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் குடைகளை மட்டும் கொண்டுவந்து பாறை மேல் இரண்டு நாள் வெயிலில் விரித்து வைத்தேன். உன் ஆத்தாள் பார்த்துவிட்டாள். ஏனுங்க, ஊட்டுக்குள்ளயா போனீங்க, சூரியன் ஒரு வருசம் வராட்டி என்னுங்க, புள்ளைங்க இருந்தாத்தானுங்க அடுத்த வருசம் என்று சொன்னாள்.

பொங்கலன்று விடியும்போது குடிசைக் கூரையில் குடைகள் இருந்தன. சிவப்பு சௌந்திரத்துக்கு, மஞ்சள் பையனுக்கு. பிடியில் வட்டவட்டமாக என்னவோ எழுதியிருக்கிறதே, இது சூரியன் எழுத்தா என்று சௌந்திரம் கேட்டாள். எனக்கு அந்த எழுத்துப் படிக்கத் தெரியாது சாமி என்றேன், பர்மாக்காரர் எழுத்து எனக்கு எங்கே தெரியும், அது பொய்யில்லை. இரண்டு பேரும் குடையை விரித்துக்கொண்டு எல்லாக் குடிசைக்கும் போய்க் காட்டினார்கள். சுப்பையன் பெண்டாட்டி வசந்தாமணிகூட வெளியே வந்து பார்த்தாள். அன்றைக்கு நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் தண்டபாணி எழுந்திருக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. உன் ஆத்தாள் வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இடது தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கண்ணாத்தா, அந்த நேரத்தில் என் மனம் என்ன பாடுபட்டது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்ற ஒன்றைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள் உன் ஆத்தாள். சொன்னாத் தூக்கிட்டுப் போயிருவாங்க, எம் பேரனைப் பிளேக் கொட்டகையில கொண்டுபோய்ப் போட உட மாட்டேனுங்க, கெணத்து மேட்டுல வெச்சு நானே பாத்துக்கறேன் என்றாள். அந்தக் கொட்டகைக்குப் போனவர்களில் நமக்குத் தெரிந்து யாரும் திரும்பவில்லை. ஆனால் சுற்றிலும் நாற்பது குடிசை, எல்லாவற்றிலும் குழந்தைகள். சௌந்திரத்தை வேப்ப மரத்தடியில் தனியே உட்காரவைத்துவிட்டு நான் கம்பவுண்டர் குமாரசாமியைத் தேடி நடந்தேன். போகும்போது உன் ஆத்தாள் என்னைப் பார்த்த பார்வை சாகும்வரை மறக்காது.

கம்பவுண்டர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு வந்தார். வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பிறகு பையனை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் வலது காலை மட்டும் ஊன்றினான். இடது காலைக் கழுவச் சொன்னார். புழுதி போன பிறகு பார்த்தால், குதிகாலுக்குப் பக்கத்தில் கருவேல முள் ஒடிந்து உள்ளே போய்ச் சீழ் பிடித்திருக்கிறது. பெரியவரே, இது முள்ளுக்கு நெறி கட்டியிருக்குது, பிளேக் இல்லை, ஆனாலும் ரெண்டு நாள் பாத்துத்தான் முடிவாச் சொல்ல முடியும் என்றார். எப்போது குத்தியது என்று கேட்டதற்கு, பொங்கலுக்கு முந்தின நாள் கூரையில் காப்புக் கட்டப் பூளைப்பூ பறிக்கப் போனபோது என்றான். ஏன் சாமி சொல்லலை என்று உன் ஆத்தாள் கேட்டாள். அழுதா சூரியன் ஒண்ணுங் குடுக்காதுன்னு அப்புச்சி சொன்னாங்க என்றான். ஐந்து நாள் அந்த முள்ளோடு நடந்திருக்கிறான். நொண்டுவதை நான் பார்த்தேன், விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

முள்ளை எடுக்கும்போது அழு சாமி, எவ்வளவு வேணும்னாலும் அழு, சூரியன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்காது, இனிமேல் அழுகிற பிள்ளைக்கும் கொடுக்கும் என்று அவனைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஐந்து நாள் அடக்கியதை எல்லாம் சேர்த்து அழுதான். இந்தக் காட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் சாவு என்றுதான் அர்த்தம். நாலு பக்கமிருந்தும் ஜனங்கள் ஓடிவந்து தூரத்தில் நின்றார்கள். முள்ளுங்க, முள்ளு எடுத்தாங்க என்று உன் ஆத்தாள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் போகவில்லை. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று, அவன் அழுது முடிக்கும்வரை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

கம்பவுண்டர் சொன்ன இரண்டு நாளும் எங்களுக்குப் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, வீக்கம் வற்றிவிட்டது. நேற்று ஊசி போடுகிறவர்கள் வந்து நால்வருக்கும் போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். பெத்தவளுக்குத் தெரியணுமுங்க என்று உன் ஆத்தாள்தான் எழுதச் சொன்னாள். குழந்தைகளை இங்கே வைத்திருக்க உனக்குப் பயமாக இருந்தால் எழுது, நானே கப்பலேற்றிக் கொண்டுவந்து விடுகிறேன். என்னைத் திட்டி எழுதினாலும் சரி, சீக்கிரம் எழுது. மாப்பிள்ளையை ஈரக்காற்றில் நிற்கவேண்டாம் என்று சொல். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். கந்தசாமி கோயில் ஆண்டவன் உங்கள் இருவரையும் நோய் நொடி அண்டாமல் காக்கட்டும்.

ஒன்று முக்கியம். பதில் எழுதும்போது குடை வந்து சேர்ந்ததா, பிடித்ததா என்று கேட்டு எழுதிவிடாதே. சௌந்திரம் இப்போது எழுத்துக் கூட்டித் தானே கடிதம் வாசிக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அய்யன்
சின்னண்ணன்