இறால் தோல் பை

மார்ச் 4

இன்றைக்கும் ஒரு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடிக் கடை வேலை என்றால் ஆளுக்கு அரையடி தூரத்தில் நின்றுதான் ஆகவேண்டும். ஃப்ரேமைக் காதில் மாட்டி, மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, சரியாத்தான் இருக்கு" என்று எழுந்துவிட்டார். எங்கே சரியாக இருந்தது? வலது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

தலைக்கு இரண்டு தடவை ஷாம்பு போட்டுக்கொண்டுதான் போனேன். அப்படியும் இறால் நாற்றம்.

மார்ச் 9

மொட்டைமாடியில் இன்னொரு டிரம் வந்திருக்கிறது. மீன் சந்தையில் உரித்துப் போடுகிற இறால் தோலை மூட்டை மூட்டையாக அள்ளிவருகிறார் என் வீட்டுக்காரர். அமிலத்தில் ஊறப்போட்டு, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கழுவிக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிசாக ஒரு தாள் வருகிறது. பிளாஸ்டிக் பைக்கு இதுதான் மாற்றாம். மண்ணில் போட்டால் மட்கிப்போகுமாம். பெயின்ட் கம்பெனி வேலையை இதற்காக விட்ட மனுஷன்.

மாமியாருக்குக் கவலையே இல்லை. போன வருஷக் காய்ச்சலோடு அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. டிரம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு வெயில் காய்கிறார். "நீதான் சும்மா மூக்கைச் சுளிக்கிற." கொடுத்துவைத்தவர்.

மார்ச் 10

தலையணை உறையில் புழு. ஒண்ணே ஒண்ணுதானே என்கிறார் வீட்டுக்காரர். ஒண்ணே ஒண்ணுன்னா பரவாயில்லையா? சீ!

மார்ச் 21

சொல்லத்தான் வேண்டும் — அந்தத் தாளில் செய்த பை கிழியவில்லை. உருளைக்கிழங்கு போட்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்து காட்டினார். ஒரு துண்டைக் கொளுத்தினார். காகிதம் மாதிரி கருகிச் சாம்பலானது. "பாத்தியா? உருகாது, ஒழுகாது!" குழந்தை மாதிரி குதிக்கிறார். தண்ணீர் பட்டால் மட்டும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. அதைச் சரிபண்ணிவிடுவாராம்.

நாற்றத்தை யார் சரிபண்ணுவார்கள் என்று கேட்டேன். இன்னொரு துண்டைக் கொளுத்தப் போய்விட்டார்.

ஏப்ரல் 2

அவரோடு கல்லூரியில் படித்தவன் ஒருவன் வந்தான். ஊருக்கு வெளியே பை செய்கிற ஃபேக்டரி வைத்திருக்கிறான். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே சென்ட் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரர் சாதாரண ஆள் இல்ல, சிஸ்டர்!" நான் என்ன இவனுக்கு சிஸ்டர்? பையைக் கையில் வாங்கி ஆகா ஓகோ என்றான். பிறகு மேஜைக்கு அடியில் டிஷ்யூ காகிதத்தில் விரல் விரலாகத் துடைத்து, அந்தக் காகிதத்தை என் ரோஜாத் தொட்டியில் செருகிவிட்டுப் போனான்.

இவர் அவனோடு சேரப்போகிறாராம்.

ஏப்ரல் 28

டிரம்கள் ஃபேக்டரிக்குப் போய்விட்டன. மாடியைக் கழுவிவிட்டேன். வீட்டில் ஒரு நாற்றமும் இல்லை. கடைகளுக்குப் பை போக ஆரம்பித்துவிட்டது. நீல அலை போட்டு, 'கடல் தந்த பை' என்று அச்சடித்திருக்கிறார்கள். எவ்வளவு அழகு! மாமியார் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுத்துவிட்டு வந்தார்.

மே 6



அடுப்புப் பக்கத்தில் வைத்திருந்த பை சூடுபட்டுச் சுருங்கியது. உருகி, சொட்டுச் சொட்டாக மேடையில் ஒழுகியது. இன்னொரு பையை எடுத்து நானே கொளுத்திப் பார்த்தேன். அதுவும் அப்படியே. கரும்புகை, கருகின பிளாஸ்டிக் வாடை.

அவர் வந்ததும் கேட்டேன். "கொஞ்சம் கலந்திருக்கு."

"எவ்வளவு கொஞ்சம்?"

செருப்பைக் கழற்றாமலே நின்றார். "மேல பூச்சு மட்டும்தான் நம்மது. தண்ணி பட்டா கரையுதுன்னு சாம்பிள் பாத்த கடைக்காரங்க எல்லாரும் வேண்டாம்னுட்டாங்க. அதைச் சரிபண்ற வரைக்கும்தான்னு அவன் சொன்னான்."

"உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே."

தூ! இதுக்கா நான் அந்த நாத்தத்தை எல்லாம் பொறுத்துக்கிட்டேன்? ஊர்ல ஒவ்வொருத்தர் முன்னாடியும் கூனிக் குறுகி நின்னேனே. அது நாத்தமா? இதுதான் நாத்தம்.

மே 7

சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, அவர் வருவதற்குள் படுத்துக்கொண்டேன்.

மே 11

பேப்பரில் அந்த ஃபேக்டரிக்காரன் படம். கடற்கரையில் நின்றுகொண்டு பிளாஸ்டிக்கை ஒழித்ததற்காம், ஏதோ கேடயம் வாங்குகிறான். பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மே 15

நாங்கள் பேசிக்கொள்ளாததைப் பார்த்து மாமியார் என்னைக் குடைந்தெடுத்துவிட்டார். சொல்லிவிட்டேன். நம்பவில்லை. தானே ஒரு பையை எடுத்துக் கொளுத்திப் பார்த்தார்.

இவர் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் மாமியார் எதிரில் வந்து நின்றார்.

"காய்ச்சல்ல எனக்கு மூக்கு போச்சு. உனக்கு என்னடா போச்சு?"

இவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார்.

மே 16

இன்று இவர் ஃபேக்டரிக்குப் போகவில்லை.

மே 20

அவனிடம் போய், அச்சடித்திருப்பதையாவது மாற்று என்று கேட்டாராம். "உன் பூச்சு இல்லாமலும் அந்தப் பை ஓடும்டா" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டானாம். இதை மாமியாரிடம் சொல்வதுபோல என் காதில் விழும்படிச் சொன்னார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

பாவமாக இருந்ததா? இல்லை. அருவருப்புதான் இன்னும் இருக்கிறது. தட்டியது அவன். தோளைக் கொடுத்தது யார்?

ஜூன் 2

காய்கறிக் கடை. கூட வருகிறேன் என்று அவராகவே வந்தார். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண், "எனக்கு அந்தக் கடல் பையிலயே போடுங்க. பிளாஸ்டிக்கைத் தொடுறதே பாவம்" என்று பெருமையாகச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவர் குரல்.

"அதுவும் பிளாஸ்டிக்தாங்க."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதைப் பண்ணினதே நான்தான். பொய் சொல்லித்தான் வித்தோம்."

 கடைக்காரர் என் கையிலிருந்த கூடையைப் பிடுங்கி வைத்தார். "வியாபார நேரத்துல வந்து வம்பு பண்ணாதீங்க, சார். கிளம்புங்க."

தெருவுக்கு வந்ததும் அவர் காது மடல் சிவந்திருந்தது. நான்தான் முதலில் பேசினேன்.

"அடுத்த கடையிலயும் அந்தப் பைதான் தொங்கும்."

"தெரியும். அங்கயும் சொல்லணும்."

அங்கேயும் விரட்டினார்கள். அதற்கடுத்த கடையில் நான் சொன்னேன்.

வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, இருந்த பருப்பை வைத்து இரண்டு பேரும் ஏதோ ஒப்பேற்றினோம்.